பெல்ஃபோர்டில் பால் பொங்கியது

பன்னிரண்டு மணிக்குக் கல்லூரியிலிருந்து டையான் காரோடு வந்துவிடுவாள். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பதிலைச் சொன்னால் போதும் என்று நேற்று ராத்திரி விருந்து முடிந்து இறக்கிவிட்டபோது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். இப்போது மணி ஒன்பது ஐம்பது. இருக்கிற இரண்டு மணி நேரத்துக்குள் காந்திமதி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நியூஜெர்சி வீட்டைக் காலி செய்து, புருஷனையும் ஒன்பது வயசு மகளையும் கூட்டிக்கொண்டு, நாலு பக்கமும் சோளக்காடு சூழ்ந்த இந்த பெல்ஃபோர்டுக்குக் குடி வருவதா, வேண்டாமா. சனத்தொகை முப்பதாயிரம் என்று ஊர் எல்லையில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த முப்பதாயிரம் பேரில் இரண்டு நாளில் அவள் கண்ணில் பட்டவர்கள் மிஞ்சிப்போனால் இருபது பேர் இருப்பார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள்? பகல் முழுக்கத் தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. புல் மட்டும் ஒட்ட வெட்டியிருக்கிறது. யார் வெட்டுகிறார்கள், எப்போது வெட்டுகிறார்கள்? வந்தால் கல்லூரியில் நிரந்தர வேலை. நாற்பத்தோரு வயசில் முதல் நிரந்தர வேலை. எட்டு வருஷமாக மூன்று கல்லூரிகளுக்கு மாறி மாறிக் கார் ஓட்டி, புள்ளியியல் புத்தகங்களைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, சிக்னலில் தயிர்சாதம் தின்று, ஒவ்வொரு மே மாதமும் அடுத்த வருஷம் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்த பிழைப்பு ஒழிந்தது என்று தலைமுழுகிவிடலாம். புருஷன் கதிரேசன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான், எனக்கு வீட்டிலிருந்து பார்க்கிற வேலை, நீ எங்க சொன்னாலும் வாரோம் என்று. அப்படிச் சொன்னதுதான் வினை. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனோடு சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். சண்டைக்கு ஆள் இல்லாமல் தனக்குத்தானே எப்படி முடிவெடுப்பது?

வீடு கல்லூரியுடையது. வேலைக்குத் தேர்வானவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக இரண்டு ராத்திரி கொடுக்கிறார்கள். வேலையை ஏற்றுக்கொண்டால் இதே வீட்டில் குடியிருக்கலாம், வாடகைகூடச் சல்லிசு. முந்தாநாள் சாயங்காலம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு வாசலில் சருகு வாரிக்கொண்டிருந்த எழுபது வயசு வெர்ன் கையைத் தூக்கி ஆட்டினார். ‘திரும்பி வந்துவிட்டீர்களா, நல்லது’ என்றார். அவள் சிரித்து வைத்தாள். என்ன சொல்ல? இதற்கு முன் இந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தவள் பெயர் லலிதா, அதே கணிதத் துறை, அதே புள்ளியியல் என்று மறுநாள்தான் தெரிந்தது. பார்க்க என்னை மாதிரியா இருப்பார் என்று டையானிடம் கேட்டதற்கு, ‘அப்படி ஒன்றும் இல்லை, உயரம் கூடுதல்’ என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, ‘குறைவோ?’ என்றாள். லலிதா இப்போது எங்கே என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள் காந்திமதி. ஓய்வுபெற்று இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றாள் டையான். வெர்னோ, டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். நேற்று ராத்திரி விருந்தில் ஒரு வழுக்கைத்தலைப் பேராசிரியர், ‘பாவம், இறந்துபோனார் இல்லையா’ என்றார். மேஜையைச் சுற்றியிருந்த ஆறு பேரும் உருளைக்கிழங்கை மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதினோரு வருஷம். நியூஜெர்சியில், எடிசனில், பதினோரு நாள் ஒருத்தி கண்ணில் படாவிட்டால் வாட்ஸப் குழுவில் நாற்பது பெண்கள் அவள் எங்கே, என்ன, வளைகாப்பா, விவாகரத்தா என்று துருவி எடுத்துவிடுவார்கள். அந்தத் துருவலுக்குப் பயந்துதானே பலநாள் கதவைத் தட்டினாலும் திறக்காமல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேல்வீட்டுக் குக்கர் மூன்று விசில், கீழ்வீட்டில் சகானா ராகம் பழகும் பெண், சனிக்கிழமை பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை சீமந்தம், சமோசாத் தட்டு. இங்கே சத்தம் என்றால் குளிர்பெட்டி உறுமுகிற சத்தம் ஒன்றுதான். அதுவும் நின்றுபோகிற சமயம் காதுக்குள்ளேயே ஏதோ ஒன்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று மத்தியானம் அந்தச் சத்தமின்மையில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தூங்கிய ஞாபகம் இல்லை.

பத்து மணிக்கு அது ஊளையிட்டது. முதலில் எங்கோ தூரத்தில் மாடு கத்துகிற மாதிரிக் கிளம்பி, ஏறி, ஏறி, ஊர் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டது. சூறாவளி வந்தால் ஊரை எச்சரிக்க ஊதுகிற சங்கு. வானம் வெளிறிய நீலமாக, துளி மேகம் இல்லாமல் கிடக்கிறது, இதில் எங்கிருந்து வரும் சூறாவளி? ஜன்னல் வழியே பார்த்தாள். வெர்ன் சருகு வாருவதை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. சங்கு கேட்கிறதா இல்லையா அந்த மனுஷருக்கு? இல்லை, எனக்கு மட்டும்தான் கேட்கிறதா? ஓடு என்று உடம்பு சொன்னது, ஓடினாள். சங்கு தணிந்து கரகரத்து அடங்கியபோது, நிலவறைப் படிக்கட்டில் நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சங்கை ஊதிச் சரிபார்ப்பார்கள் என்று குளிர்பெட்டி மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் போட்டிருந்ததே, நேற்றுப் படித்தோமே, அட மடச்சி. சரி, சங்கு வெறும் சோதனை. ஆனால் இந்தப் படிக்கட்டு? நிலவறைக்கு வழி எங்கே என்று யாரும் காட்டவில்லை. சமையலறைக்குப் பின்னால் மூன்று கதவுகள் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்று அலமாரி, ஒன்று கழிவறை. மூன்றாவதை அவள் திறந்ததே இல்லை. பயத்தில் கால் தானாகச் சரியான கதவுக்கு எப்படி வந்தது? விளக்குச் சுவிட்சுகூட இடது கை பக்கம், தோள் உயரத்தில், பார்க்காமலே போட்டிருக்கிறாள். எல்லா அமெரிக்க வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றில் ஒன்று, நிகழ்தகவு முப்பத்து மூன்று சதவீதம், வகுப்பில் முதல் வாரம் நடத்துகிற பாடம். சொல்லிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. கைமயிர் மட்டும் கணக்குக்கு மசியாமல் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

கீழே இறங்கினாள். பாதி இறங்கியாயிற்று, அவ்வளவுதான். சிமெண்டுத் தரை, தண்ணீர் சுடவைக்கும் கொதிகலன், துணி துவைக்கும் எந்திரம், பக்கத்திலேயே துணி உலர்த்தும் எந்திரம். அவ்வளவும் இருக்க, அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரை நீல நைலான் கொடி ஒன்று கட்டியிருந்தது. ஆறு கஜத்தை மடிக்காமல் ஒரே நீளத்துக்குப் போடலாம், அவ்வளவு நீளம். உலர்த்தும் எந்திரத்தில் போட்டால் பட்டு கெட்டுப்போகும், சுங்குடி சுருங்கிப்போகும், நம் ஆட்களுக்குத்தான் தெரியும். காந்திமதி கொடியைத் தொட்டாள். அது இன்னும் விறைப்பாக இருந்தது. எப்போதோ போனவள் கட்டிய கொடி தொய்யாமல் இருக்கிறது. ஆணியில் முடிச்சு இரட்டைச் சுருக்கு. பாளையங்கோட்டையில் அம்மா மொட்டைமாடியில் போடுகிற அதே சுருக்கு, காற்றடித்தாலும் அவிழாது. லலிதா எந்த ஊர்? தெரியாது. என்ன பாஷை? நேற்று டையானிடம் கேட்டபோது ‘இந்தியன் என்று நினைக்கிறேன்’ என்றாளே, பாஷையைக் கேட்டால் நாட்டைச் சொல்கிறாள். பதினோரு வருஷம் இந்தக் கொடியில் புடவையைக் காயப்போட்டு, எடுத்து மடித்து, மேலே போய் யாரிடமும் எந்தப் பாஷையிலும் பேசாமல் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். நினைக்கவே என்னமோ செய்தது. பாவம் என்று நினைக்க முயன்றாள். பாவம் என்ற நினைப்பு வரவில்லை. ஈரப்புடவை வரிசையாகத் தொங்க, நடுவே புகுந்து நடந்தால் முகத்தில் படுகிற குளிர்ச்சிதான் நினைப்பில் வந்தது. மகள் மகிழ் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தொட்டில் கட்டிய புடவை, அதன் மூத்திர வாடை, ராத்திரி மூன்று தடவை எழுந்து ஆட்டிய கை வலி. ஏன் அது இப்போது? பிள்ளை மேல் பிரியம் இல்லாமலா? இருக்கிறது, உயிராகத்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் போனைப் பார்த்தால் வீட்டிலிருந்து ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. சத்தத்தை அணைத்து வைத்ததே ஞாபகமில்லை. அதைவிட, காலையிலிருந்து அதுவரை அவர்கள் இரண்டு பேரையும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது அந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. இந்த வீடு என்னமோ செய்கிறது. ஆளை மறக்கடிக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். டையான் வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

முடிவெடுத்தாயிற்று என்றதும் காப்பி குடிக்கத் தோன்றியது. நெல்லைச் சீமைக்காரி எமலோகத்துக்கே கிளம்பினாலும் பெட்டியில் ஃபில்டரை வைக்காமல் கிளம்பமாட்டாள். இரண்டு நாளாகக் கல்லூரியில் கொடுத்த கருப்புத் தண்ணீரைக் குடித்தே ஓட்டிவிட்டாள், போகிற நேரத்திலாவது ஒரு வாய் நல்ல காப்பி. காலையில் இறக்கிய டிகாக்‌ஷன் தயாராக இருந்தது. குளிர்பெட்டியில் இருந்த பாலைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி மின்னடுப்பில் வைத்தாள். சுருள்கம்பி அடுப்பு, பழசு, சூடேற ஒரு யுகம் ஆகும். சூடேறிவிட்டாலோ அணைத்தாலும் அடங்காது, கம்பி சிவந்தே இருக்கும். எடிசனில் கேஸ் அடுப்பில் பழகிய கை அதை மறந்துவிட்டது. பால் விளிம்புக்கு வந்ததும் சுவிட்சைத் திருகி அணைத்தாள், திரும்பி டம்ளரை எடுத்தாள். பின்னால் சீறுகிற சத்தம். திரும்பினால் பால் பொங்கி வழிகிறது. நுரை பாத்திரத்தைத் தாண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக் கம்பியில் பட்டுக் கருகுகிறது. துணியை எடுத்துப் பாத்திரத்தை இறக்குவதுதானே முறை? காந்திமதி அதைச் செய்யவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். நெஞ்சு நிறைந்து, கண்கூடக் கலங்கி, கண்ணை மூடி, நல்லபடியா இருக்கணும் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் காலி அறையில் மோதித் திரும்பி வந்தபோதுதான் சுருக்கென்றது. புது வீட்டில் கைகூப்பிப் பால் பொங்க விட்டாயிற்று. அதுவும் கிழக்குப் பக்கமாக. ஜன்னலில் வெயில் வருகிற பக்கம் கிழக்குத்தானே? கிழக்குத்தான். எதற்குக் கூப்பினாய், கூறுகெட்டவளே? காப்பிக்குக் காய்ச்சிய பால். வேண்டாம் என்று முடிவெடுத்த வீடு. பால் காய்ச்சிவிட்டால் குடி புகுந்தாயிற்று என்று அர்த்தம், அப்புறம் ஒரு ராத்திரியாவது அங்கே படுக்காமல் அம்மா யாரையும் விட்டதில்லை. இவளோ இரண்டு ராத்திரி முன்கூட்டியே படுத்தாயிற்று.

துடைக்கக் கம்பியைக் கழற்றினாள். அடியில் தகரத் தட்டு. அதையும் தூக்கினாள். அடுப்பின் வயிற்றுக்குள்ளே, இவள் பால் இப்போதுதான் ஈரமாக ஓடியிருந்த அதே தடத்தில், பழுப்பாக, கெட்டியாக, பழைய கறை ஒன்று ஓடியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். கருகின பால். வேறு எதற்கும் அந்த வாடை வராது. ஒரே பக்கமாகத்தான் ஓடியிருக்கிறது, அடுப்பு கிழக்கே ஒரு நூல் சாய்ந்திருக்கிறது போலிருக்கிறது, அதனால் யார் காய்ச்சினாலும் அங்கேதான் ஓடும், இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தட்டைக் கீழே வைத்தாள். தலையைத் தூக்கினாள். வெள்ளைச் சாயம் அடித்த சமையலறை நிலைப்படியின் மேல்கட்டையில், சாயத்துக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாக மூன்று புள்ளிகள் கசிந்திருந்தன. குங்குமம். சாயத்தை எத்தனை தடவை அடித்தார்களோ, மூன்றும் மேலேறி வந்திருக்கின்றன. லலிதாவும் தனியாகத்தான் வைத்திருப்பாள். நாற்காலி போட்டு ஏறி, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல். பொங்கிச்சா என்று கேட்க யார் இருந்தார்கள்? ஒருவேளை அவளும் இரண்டு ராத்திரிக்கு வந்தவள்தானோ? அவளுக்கும் ஒரு எடிசன் இருந்ததோ? டெக்சாஸில் மகன் என்றாரே வெர்ன். அப்படியானால் அந்த மகனுக்கு அப்போது என்ன வயசு? பதினோரு வருஷம் அவன் எங்கே வளர்ந்தான்? அந்தக் கேள்வி வந்ததும் காந்திமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ மாடியில் நடக்கிற மாதிரி இருந்தது. காதைத் தீட்டிக் கேட்டாள். மரவீடு, வெயில் ஏறினால் பலகை முனகும். அவ்வளவுதான், அவ்வளவுதான்.

போன் அடித்தது. கதிரேசன்.

“என்ன மதி, முடிவு பண்ணியாச்சா? இவ இன்னும் ஸ்கூலுக்குப் போகல. அம்மா சொன்னாத்தான் போவேன்னு காலையிலருந்து ஒரே ஆர்ப்பாட்டம்.”

“இன்னும் இல்லங்க. பால் பொங்கிட்டு. துடைச்சிட்டு இருக்கேன்.”

“பொங்கிட்டா? எந்தப் பக்கம்?”

“கிழக்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “அப்புறம் என்ன? குடி போயாச்சுல்லா! எங்களை விட்டுட்டு நீ மட்டும் பால் காய்ச்சிட்ட பாத்தியா.”

கேலிக்குத்தான் சொன்னான். கைகூப்பியபோது நல்லபடியா இருக்கணும் என்று யாருக்காக வேண்டிக்கொண்டோம் என்று தேடிப் பார்த்தாள். மகிழ் முகம் வந்ததா? கதிரேசன் முகம்? அந்த நேரத்தில் நெஞ்சில் எந்த முகமும் இருக்கவில்லை. வெயில் விழுந்த வெறும் சமையலறை இருந்தது. நல்ல மனுஷன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அவள் படிப்புக்கு ஒரு நாளும் குறுக்கே நிற்கவில்லை. குற்றம் சொல்ல ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

“என்னட்டி, சத்தத்தையே காணும்?”

“ஒண்ணுமில்ல. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“இந்தா, உன் மககிட்ட பேசு.”

“அம்மா, அந்த வீட்ல எனக்கு எந்த ரூம்? ஜன்னல் இருக்கா? என் புக்ஸ் எல்லாம் வைக்கலாமா?”

காந்திமதி எழுந்து மாடிப்படியைப் பார்த்தாள். மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மேஜையை ஜன்னலைப் பார்த்துப் போட்டு எழுதலாம். இன்னொன்றில் கட்டில், ஒற்றைக் கட்டில் போதும், சுவரோரமாக. கீழே கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரே ஒரு விளக்கு. நேற்றுத் தூங்கி எழுந்ததிலிருந்தே எல்லாம் அதனதன் இடத்தில் அவளுக்குள்ளே போட்டு முடிந்திருந்தது. தட்டு வைக்கிற அலமாரியில் ஒரு தட்டு. மனசுக்குள்ளேயே மறுபடி அறை அறையாகப் போய்ப் பார்த்தாள், ஒரு குட்டிக் கட்டிலுக்கு, ஒரு புத்தகப் பைக்கு, ஒரு ஜோடிச் சின்னச் செருப்புக்கு. எங்குமே இடம் விட்டிருக்கவில்லை. இந்த வீட்டைப் பார்த்தா இரண்டு நாளாகப் பயந்தோம்?

“மாடியில, கண்ணு. வெயில் வர்ற ரூம். ஸ்கூலுக்குக் கிளம்பு.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே டையான் வந்துவிட்டாள். பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தாள், தெருவைப் பார்த்து ‘அருமையான நாள்’ என்றாள். காந்திமதி முன்சீட்டில் ஏறினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் ஏறினாள், வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் குடும்பச் சூழ்நிலை. டையான் மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றி, ‘அப்படியானால்?’ என்று கேட்டாள். வருகிறேன் என்று சொன்னது காந்திமதியின் குரல்தான். அதில் நடுக்கமே இல்லை. டையான் கையைப் பிடித்துக் குலுக்கி மகிழ்ந்துபோனாள். வீட்டைத் தயார்செய்யச் சொல்ல வேண்டும், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

“ஒருத்தி” என்றாள் காந்திமதி.

டையான் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. கட்டத்தில் ஒன்று என்று எழுதி, படிவத்தை மடித்துக் கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். விமான நிலையத்துக்கு ஐம்பது மைல். தவறாகச் சொல்லிவிட்டேன், மூன்று பேர் என்று திருத்த ஒரு நிமிஷம் போதும். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு வந்தது, போனது, மறுபடி வந்தது. காந்திமதி மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது மைலும் அவள் திருத்தவில்லை.